பயிருக்குள் ஆட்டை விடுவது ஏன்? குளிர்கால மேய்ச்சலின் கணக்கு

பச்சைப் பசேலென்று நிற்கும் ஆஸ்திரேலியக் கோதுமை வயலில் நூற்றுக்கணக்கான ஆடுகள் தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருக்கும் படத்தைப் பார்த்தால் நமக்கு முதலில் வருவது பதற்றம்தான். நம் பாட்டன் ஊரில் வெள்ளாமைக்குள் மாடு புகுந்துவிட்டால் பஞ்சாயத்து கூடும், மாட்டைப் பட்டியில் அடைப்பார்கள், அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். அந்தப் படத்திலோ விவசாயி தானே வேலியைத் திறந்து ஆட்டை உள்ளே விட்டிருக்கிறார். அதே வயலில் டிசம்பரில் கோதுமை அறுக்கவும் போகிறார்.

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மட்டன் விலை ஏறும்போதெல்லாம் ஆஸ்திரேலியத் தீவனத் தட்டுப்பாடு, அமெரிக்க மாட்டு மந்தை சுருங்கியது என்று செய்திகள் வருகின்றன. நடுவில் ‘இருபயன் கோதுமை’, ‘மூடாக்குப் பயிர் மேய்ச்சல்’ என்று சொற்கள் வந்து விழுகின்றன, ஆனால் அவை என்னவென்று யாரும் சொல்வதில்லை. அடியிலிருந்து பார்ப்போம்.

காலியாகக் கிடக்கும் ஆறு மாதம்

மக்காச்சோளம், சோயா, பருத்தி, சோளம் போன்றவற்றை அகலமான இடைவெளி விட்டு வரிசை வரிசையாக விதைப்பார்கள். அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கு வழக்கமான இடைவெளி சுமார் 75 சென்டிமீட்டர். இவை வெயில் காலப் பயிர்கள். அயோவா மாநிலத்தில் ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ விதைத்தால் அக்டோபர் வாக்கில் அறுவடை முடிந்துவிடும். அதற்கப்புறம் அடுத்த விதைப்பு வரை நிலம் சும்மா கிடக்கும். அந்த ஒரு மாநிலத்தின் மக்காச்சோளப் பரப்பு மட்டும் ஏறத்தாழ எழுபது சிங்கப்பூர் அளவு என்றால், எவ்வளவு நிலம் ஆண்டில் பாதி நாள் வெறும் மண்ணாகக் கிடக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தக் காலி நேரத்தில் குளிர் தாங்கும் ஒரு பயிரை விதைத்து, அதை மாடும் ஆடும் மேயவிட்டு, அடுத்த முதன்மைப் பயிருக்கு நேரத்தோடு நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் இந்த முறை. பயிர்ச்சுழற்சிக்குள் இடைச்செருகலாக ஒரு மேய்ச்சல். முதன்மைப் பயிர் இல்லாத காலத்தில் மண்ணை மூடிக் காக்கும் இப்படிப்பட்ட இடைப்பயிரைத்தான் மூடாக்குப் பயிர் என்கிறார்கள்.

குளிரில் செடி வளருமா என்ற கேள்வி, ஆண்டு முழுக்க முப்பது டிகிரியில் வேகிற நமக்கு வருவது நியாயமே. கோதுமை, ரை, ஓட்ஸ், பார்லி ஆகியவை குளிர்கால இனங்கள். மக்காச்சோளம் பத்து டிகிரிக்குக் கீழே முளைக்கவே தயங்கும். ரை மூன்று நான்கு டிகிரியிலும் மெதுவாக வளர்ந்துகொண்டிருக்கும். அதற்கும் கீழே போனால் உறங்கும், பனி விலகியதும் எழுந்துவிடும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. குளிர்கால வகைக் கோதுமை சில வாரம் குளிரை அனுபவித்தால்தான் கதிர் விடும். குளிர் போதுமான அளவு கிடைக்கும் வரை அது இலையாகவே பரந்துகொண்டிருக்கும். அந்த இலைக்காலம்தான் மேய்ச்சல் காலம்.

கிடை போடுவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த தஞ்சை வயல்களுக்கு மந்தையை ஓட்டிப்போய்க் கிடை போடுவது நமக்குத் தெரிந்ததுதான். ஆடு மிச்சம் மீதியைத் தின்னும், வயலுக்குப் புழுக்கை எருவாகும். அங்கே ஆடு தின்பது தானாகக் கிடக்கும் தாளும் களையும். குளிர்கால மேய்ச்சலில் தீவனத்தையே காசு போட்டு விதைக்கிறார்கள். விதை, டீசல், உரம், வேலி என்று எல்லாமே செலவு. ‘சும்மா கிடக்கிற நிலம்தானே, கிடைக்கிறதெல்லாம் லாபம்’ என்ற பேச்சை நான் ஏற்காததற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம் தண்ணீர், அதைப் பிறகு சொல்கிறேன்.

என்ன விதைக்கிறார்கள்?

அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியில் ரைதான் ராஜா. தாமதமாக விதைத்தாலும் பிழைத்துக்கொள்ளும், வசந்தத்தில் எல்லாருக்கும் முன்னால் எழும். ஓட்ஸ் இலையுதிர் காலத்தில் வேகமாக வளரும், ஆனால் கடுங்குளிரில் செத்துவிடும். சிலர் அதையே வசதியாக எடுத்துக்கொள்கிறார்கள், வசந்தத்தில் அதைக் கொல்ல மருந்தடிக்க வேண்டாம். டர்னிப், முள்ளங்கி வகைகளில் ஈரம் அதிகம், நார் குறைவு. அவற்றை மட்டும் தின்றால் மாட்டுக்கு வயிறு கழியும், கூடவே வைக்கோல் வேண்டும். பயறு இனத்தில் ஹேரி வெட்ச், க்ரிம்சன் க்ளோவர் போன்றவை காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜனை) மண்ணுக்குக் கொண்டுவரும், ஆனால் அக்டோபர் கடைசியில் விதைத்தால் வடக்கே அவை பெரிதாக எதையும் தராது.

ஒரு பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். ரை வேறு, ரைகிராஸ் வேறு. முன்னது தானியம், ரொட்டி சுடுவார்கள். பின்னது புல். நல்ல தீவனம்தான், ஆனால் விதை உதிர்ந்தால் அடுத்த பயிரில் களையாக வந்து நிற்கும். ஆஸ்திரேலியாவில் பல களைக்கொல்லிகளுக்கு அசராத ரைகிராஸ் தானிய விவசாயிகளின் தலைவலிகளில் முதல் வரிசையில் இருக்கிறது. தீவனத்துக்கென்று தெரிந்தே அதை விதைப்பவர் ஒரு விதை விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வழி

1. தீவனம் மட்டும். முதன்மைப் பயிரை அறுத்த கையோடு ரை விதைத்து, இலையுதிர் காலக் கடைசியிலும் வசந்தத்திலும் மேய்த்து, பிறகு அதைக் கொன்றுவிட்டு மக்காச்சோளமோ சோயாவோ விதைப்பது. மக்காச்சோளத்தைச் செடியோடு வெட்டிப் புளிக்கவைத்து ஊறுதீவனம் ஆக்குகிற பண்ணைகளுக்கு இது ரொம்பப் பொருந்தும், ஏனென்றால் அவர்கள் செப்டம்பரிலேயே வயலைக் காலி செய்துவிடுவார்கள். இந்தப் பயிரில் இரண்டு மூன்று வாரம் முந்துவதென்பது பெரிய சொத்து.

2. இருபயன். ஒரே செடியை முதலில் மேயவிட்டு, பிறகு வளரவிட்டுத் தானியமும் அறுப்பது. ஓக்லஹோமா, டெக்சஸ், தெற்குக் கன்சாஸ் விவசாயிகள் செப்டம்பரில் கோதுமை விதைத்து, நவம்பர் முதல் பிப்ரவரி கடைசி வரை இளங்காளைகளை மேய்த்து, ஜூனில் தானியம் அறுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் தெற்கு நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா பகுதிகளில் இதே கதை நாட்காட்டியைத் திருப்பிப் போட்டு நடக்கிறது. அங்கே மழை கிடைத்தால் பிப்ரவரி கடைசி முதல் ஏப்ரலுக்குள் விதைப்பு, நம் ஜூன் பள்ளி விடுமுறைக் காலத்தில் மேய்ச்சல், டிசம்பர் வாக்கில் அறுவடை. வெட்ஜ்டெயில், இல்லாபோ போன்ற கோதுமை ரகங்கள் இதற்காகவே பேர் வாங்கியவை. கனோலாவையும் இப்படி மேய்க்கலாம் என்பதில் அந்நாட்டின் அறிவியல் ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர்ஓ நிறைய வேலை செய்திருக்கிறது.

மேய்ந்த பயிர் எப்படிப் பிழைக்கிறது?

கோதுமைச் செடி இளசாக இருக்கும்போது அதன் வளர்முனை, அதாவது பிற்பாடு கதிராகப் போகிற அந்தச் சின்ன நுனி, மண் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது வெறும் இலை. ஆடு இலையைக் கடித்தால் செடி மறுபடி இலை விடும். நாம் கறிவேப்பிலையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்ப்பது போல என்று சொல்ல ஆசைதான், ஆனால் கறிவேப்பிலை நுனியில் துளிர்க்கும், கோதுமை அடியிலிருந்து வரும். மேய்ச்சலைத் தாங்கும் ரகசியமே அந்த அடிதான்.

நாள் நீள நீள, தட்பவெப்பம் மாற, செடி தண்டு விடத் தொடங்கும். வளர்முனை தண்டோடு மேலே ஏறும். அதற்கப்புறம் ஆடு கடித்தால் போவது இலை மட்டுமல்ல, கதிரே போய்விடும். போன கதிர் போனதுதான்.

ஆக, மந்தையை வெளியேற்றும் நாள்தான் இந்த முறையின் உயிர். அமெரிக்கத் தென்சமவெளியில் அதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை வைத்திருக்கிறார்கள்:

1. வயலில் மாடு மேயாத மூலை ஒன்றை வேலி போட்டு விட்டுவைக்க வேண்டும். மேய்ந்த செடி தாமதமாகத் தண்டு விடும், அதைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம்.
2. அந்த மூலையிலிருந்து சில செடிகளை வேரோடு பிடுங்கி, பெரிய தண்டை நீளவாக்கில் பிளக்க வேண்டும்.
3. உருவாகிவரும் கதிருக்குக் கீழே தண்டுக்குள் பொள்ளல், அதாவது வெற்றிடம், தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அது 1.5 சென்டிமீட்டர் நீளம் வந்துவிட்டால் மாட்டை வெளியேற்றும் நேரம். நம்மூர் 5 காசு நாணயத்தின் குறுக்களவைவிடக் கொஞ்சம் குறைவு.

இதைத் தாண்டி மேயும் ஒவ்வொரு நாளும் தானிய விளைச்சலில் 1 முதல் 5 விழுக்காடு வரை போகும் என்பது ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகம் விவசாயிகளுக்குச் சொல்லிவரும் கணக்கு. ஒரு வாரம் அசந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம். மாடு வாங்க வரும் லாரி தாமதமானது என்பதெல்லாம் செடிக்குத் தெரியாது.

ஒரு ஹெக்டேர் கணக்கு

எண்களோடு பார்த்தால் புரியும். கீழே வருவது ஒரு மாதிரிக் கணக்குதான், எந்தப் பண்ணையின் கணக்கும் இல்லை.

ஒரு ஹெக்டேரில் காய்ந்த எடையாக 2 டன் தீவனம் வளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் மொட்டையடிக்கக் கூடாது, மிதிபட்டு வீணாவதும் உண்டு. பாதிதான் வாய்க்குப் போகும், அதாவது 1,000 கிலோ. 250 கிலோ காளைக்கன்று ஒரு நாளைக்குத் தன் எடையில் இரண்டரை விழுக்காடு, சுமார் 6 கிலோ தின்னும். பச்சைக் கோதுமையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் பச்சையாக அது கிட்டத்தட்ட 30 கிலோ. அப்படியானால் இரண்டு கன்றுகளை எண்பது நாள் வரை மேய்க்கலாம். நன்றாக மேய்கிற கன்று நாளைக்கு ஒரு கிலோ வாக்கில் எடை கூடும். மொத்தம் 160 கிலோ உயிர் எடை. விற்க இன்னும் நான்கு மாதம் காத்திருக்க வேண்டிய கோதுமைக்கு முன்பாகவே, கடன் கட்டக் கையில் வரும் பணம் இது.

சாணம் மூத்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. இளங்கோதுமையில் புரதம் 25 விழுக்காடு வரை போகும். அந்த 1,000 கிலோவில் சுமார் 40 கிலோ தழைச்சத்து இருக்கும். வளரும் கன்று அதில் பத்து இருபது விழுக்காட்டைத்தான் உடம்பில் வைத்துக்கொள்ளும், மீதி நிலத்துக்கே திரும்பும். ஆனால் சீராகப் பரவாது. தண்ணீர்த் தொட்டி, வேலி ஓரம், மாடு படுக்கும் மேடு என்று அங்கங்கே திட்டுத்திட்டாக விழும். ‘உரச்செலவே மிச்சம்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இந்தத் திட்டுகளைப் பற்றிப் பேசுவதில்லை.

யார் விலை கொடுக்கிறார்கள்? அடுத்த பயிர்

இந்த விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. குளிர்காலத் தீவனம் முதன்மைப் பயிரிடமிருந்து வாங்கும் கடன். நிலத்தடி ஈரம், விதைப்பு நாள் இரண்டையும் அது கடன் வாங்குகிறது. திருப்பிக் கொடுக்க முடிகிற இடத்தில் லாபம், முடியாத இடத்தில் நட்டம்.

அயோவாவில் ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் வாக்கில் மழை. வசந்தத்தில் வயல் சேறாக இருந்து இயந்திரம் இறங்க முடியாமல் போவதுதான் அங்கே தொல்லை, ரை கொஞ்சம் ஈரத்தை உறிஞ்சினால் நல்லதுதான். மண்ணில் மிஞ்சிய நைட்ரேட்டையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும், ஆற்றுக்குப் போக விடாது. 2025 ஜூனில் அயோவாவின் டெ மொயின் நகர வட்டாரத்தில் ஆற்று நீரில் நைட்ரேட் ஏறியதால் புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சவே தடை போட்டார்கள். மூடாக்குப் பயிருக்கு அரசு மானியம் கொடுப்பதற்கு இப்படிப்பட்ட காரணங்களும் உண்டு.

மேற்குக் கன்சாஸில் கதை தலைகீழ். அங்கே மழை 450, 500 மில்லிமீட்டர்தான். நிலத்தைச் சில மாதம் தரிசாகப் போடுவதே ஈரத்தைச் சேமிக்கத்தான். அங்கே ‘சும்மா கிடக்கிற நிலம்’ சும்மா கிடக்கவில்லை, தண்ணீர் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதில் தீவனம் போட்டு மேய்த்தால், மழை குறைந்த ஆண்டில் அடுத்த பயிர் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விதைப்பு நாளும் அப்படித்தான். ரையைக் கொன்ற உடனே மக்காச்சோளம் விதைத்தால், அழுகும் ரை மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், நாற்று நோயும் கூடும். பத்துப் பதினான்கு நாள் இடைவெளி விடச் சொல்வது அதனால்தான். சோயாவுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு, சோயாவுக்கு முன்னால் ரை போட்டுப் பழகிவிட்டு, மக்காச்சோளத்துக்கு முன்னால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பேன்.

குளம்பால் மண் இறுகுமா? இறுகும், ஆனால் பெரும்பாலும் மேல் பத்து சென்டிமீட்டருக்குள். உறைந்த மண்ணிலும் காய்ந்த மண்ணிலும் பயமில்லை. உருகிய சேற்றில் மந்தையை விட்டுவைப்பதுதான் தப்பு. மழை வந்தால் ஓட்டிக்கொண்டு போக வேறொரு புல்வெளி கைவசம் வேண்டும்.

களைக்கொல்லியையும் மறந்துவிடக் கூடாது. கோடையில் சோயாவுக்கோ மக்காச்சோளத்துக்கோ அடித்த மருந்து இலையுதிர் காலம் வரை மண்ணில் தங்கியிருக்கலாம். முளைப்பு பாதிக்கும் என்பது ஒரு பக்கம். சில மருந்துகளின் சீட்டிலேயே, குறிப்பிட்ட மாதங்களுக்கு அந்த வயலில் வளர்வதைக் கால்நடைக்குக் கொடுக்கக் கூடாது என்று அச்சடித்திருக்கும். மண்ணைக் காக்க மட்டும் ரை போடலாம், மேய்க்கக் கூடாது என்ற நிலை வரும். தீவனத் திட்டம் உண்மையில் முந்தைய கோடையிலேயே, மருந்து வாங்கும்போதே தொடங்க வேண்டும்.

மாட்டுக்கு வரும் வினை

இளஞ்சோளம் மேய்ந்த மாடு செத்த கதை கிராமத்தில் கேட்டிருப்பீர்கள். அது சயனைடு நஞ்சு. குளிர்காலத் தீவனத்துக்கு வேறு வினைகள் உண்டு. கொழுகொழுவென்று வளர்ந்த கோதுமையில் வயிற்று உப்புசம் வரும், நுரை அடைத்து மாட்டால் காற்றை வெளியேற்ற முடியாது. அதிக உரம் போட்ட வயலில், வறட்சியோ கடுங்குளிரோ தாக்கிய பிறகு, செடியில் நைட்ரேட் தேங்கும். மாட்டின் இரைப்பையில் அது நைட்ரைட்டாக மாறி, இரத்தம் ஆக்சிஜன் சுமக்க முடியாமல் பழுப்பாகிவிடும். பசியோடு இருக்கும் மந்தையை முதல் நாளே உள்ளே திறந்துவிடாமல், வைக்கோல் கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டு அனுப்புவது இதற்காக.

கோதுமை மேயும் ஆட்டுக்கு இன்னொரு குறை. கோதுமை இலையில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் மிகக் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்தால் உடம்பு மெக்னீசியத்தை ஏற்பது கெடும். ஆஸ்திரேலியாவில் சாப்பாட்டு உப்பையும் மெக்னீசியம் ஆக்சைடையும் சம பங்கு கலந்து தொட்டியில் வைக்கிறார்கள். செலவு அற்பம், எடை கூடுவதில் தெரியும் வித்தியாசமோ பெரிது.

பிறகு ஏன் எல்லாரும் செய்வதில்லை?

வேலி இல்லை. தானியம் மட்டும் விளைவிக்கத் தொடங்கிய தலைமுறை வேலியைப் பிடுங்கி, மாட்டை விற்று, தண்ணீர்க் குழாயையும் விட்டுவிட்டது. மைனஸ் பத்து டிகிரி உறைகுளிரில் மந்தைக்குத் தண்ணீர் கொண்டுபோவது யாரும் ஆசைப்படும் வேலையல்ல. இன்று மின்கம்பி வேலி ஓரளவு கைகொடுக்கிறது. சிலர் மாடு வைத்திருக்கும் பக்கத்துப் பண்ணைக்கு, தலைக்கு இத்தனை, நாளுக்கு இத்தனை என்று வாடகை பேசி விடுகிறார்கள்.

காப்பீட்டு விதியும் தடையாக இருந்தது. மழையால் விதைக்க முடியாமல் போன நிலத்துக்கு இழப்பீடு வாங்கும் அமெரிக்க விவசாயி, அங்கே போட்ட மூடாக்குப் பயிரை நவம்பர் 1-க்கு முன் மேய்த்தால் இழப்பீடு குறைந்துவிடும். 2021 ஜூலையில் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள், எப்போது மேய்த்தாலும் முழுத் தொகை.

செய்தியில் எப்படிப் படிப்பது?

‘விதைத்த கோதுமையில் பெரும்பகுதி அறுவடையாகவில்லை’ என்று டெக்சஸிலிருந்து செய்தி வந்தால் பயிர் கருகிவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அங்கே விதைத்த பரப்பில் பாதிகூட அறுவடைக்குப் போகாத ஆண்டுகள் சகஜம். வறட்சியும் காரணமாக இருக்கும், ஆனால் ஒரு பங்கை வேண்டுமென்றே கடைசி வரை மேயவிட்டிருப்பார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்க மாட்டு எண்ணிக்கை 8 கோடியே 67 லட்சம், 1951-க்குப் பிறகு மிகக் குறைவு. கன்று விலை உச்சத்தில், கோதுமை விலை மந்தம் என்றால் 1.5 சென்டிமீட்டர் பொள்ளலைப் பார்த்தும் மாட்டை வெளியேற்றாமல் இருப்பதே கணக்குக்கு ஒத்துவரும்.

கண்டாங் கெர்பாவ், பஃபலோ ரோடு என்று மாட்டின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கும் நம் ஊருக்கு ஆட்டிறைச்சியில் பெரும்பங்கு ஆஸ்திரேலியாவிலிருந்துதான் வருகிறது. அங்கே வசந்தக் குட்டிகள் சந்தைக்குக் குவிவது செப்டம்பர் முதல் நவம்பர் வரை, நம் தீபாவளிக்குச் சரியாக. அந்தக் குட்டிகளும் தாயாடுகளும் ஜூன் ஜூலையில் என்ன தின்றன என்பது, ஏப்ரலுக்குள் தெற்கில் விதைப்பு மழை விழுந்ததா என்பதைப் பொறுத்தது. 2025-ல் தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா பக்கம் அந்த மழை பொய்த்தது. ஆட்டுக்குட்டி விலை அந்த ஆண்டு நடுவில் அங்கேயே உச்சம் தொட்டது. கப்பல் கூலி, நாணய மாற்று, ஆஸ்திரேலியக் குட்டி இறைச்சியை அதிகம் வாங்கும் அமெரிக்கா எவ்வளவு விலை கேட்கிறது என்பதெல்லாம் இதற்கு மேல் ஏறும். தேக்கா கடைக்காரரிடம் தீபாவளி விலையைப் பற்றிப் பேரம் பேசுகிறவர், பங்குனி மாதத்தில் நியூ சவுத் வேல்ஸின் வாகா வாகா பக்கம் மழை பெய்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.